வராத பெண்களுக்குக் கட்டமில்லை

தருமபுரி
19 ஜூலை 2025, சனிக்கிழமை

பிரபாகர் சாருக்கு,

வணக்கம். இந்த வாரக் கடிதம் வழக்கத்தைவிட நீளம். பொறுத்துக்கொண்டு படியுங்கள். படிவத்தில் அடங்காததை மெயிலில் கடிதமாக எழுதுங்கள் என்று சட்டம் போட்டவரே நீங்கள்தான். ஆய்வின் தலைவர் ஹென்ரிக் சாருக்கும் மொழிபெயர்த்துக் காட்டுவேன் என்கிறீர்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்கு ஆடி மாதம் என்றால் என்னவென்று வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

விஷயம் கரட்டுப்பள்ளம். நம் ஆய்வில் இருக்கும் இருபத்துநான்கு ஊர்களில் அது ‘பார்க்கும் ஊர்’. பன்னிரண்டு ஊர்களை நாங்கள் ‘சொல்லும் ஊர்’ என்போம். அங்கே சண்டை வரப்போகிற அறிகுறி ஒன்று தெரிந்தாலும் வீரமணி ஐயாவின் அமைதிக் குழுவுக்குச் சொல்லிவிடுவோம். அவர் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். போய் இரண்டு தரப்பையும் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, பேசி முடித்துவிட்டுத்தான் வருவார். மற்ற பன்னிரண்டில் நாங்கள் பார்க்கலாம், குறிக்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. ஐந்து அறிகுறிகளில் மூன்று சேர்ந்தால் மட்டும் சொல்லலாம். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால்தான் முன்கூட்டிச் சொல்வதால் வன்முறை குறைகிறதா என்று உலகத்துக்குக் காட்ட முடியும் என்றீர்கள். எனக்குப் புரிந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

கரட்டுப்பள்ளத்தில் மாரியம்மன் பண்டிகை ஆகஸ்ட் 5, ஆடி மூன்றாம் செவ்வாய். காலனிப் பையன்கள் இந்த வருஷம் தங்கள் கரகமும் ஊர்த்தெரு வழியாகத்தான் கோயிலுக்குப் போகும் என்கிறார்கள். ஊர்க்காரர்கள் முடியாது என்கிறார்கள். இரண்டு தடவை பேசி இரண்டு தடவையும் முறிந்துவிட்டது.

இந்த வாரம் இரண்டு அறிகுறி குறித்திருக்கிறேன். காலனியில் ஏழு வீட்டு ஆடுகளை இண்டூர்ப் பக்கம் சொந்தக்காரர்களிடம் ஓட்டிவிட்டார்கள். ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் பையில் கட்டி வெளியூரில் கொடுத்து வைக்கிறார்கள். மற்ற மூன்று அறிகுறிகளும் இல்லை: ஊர்க்கடையில் காலனிக்குச் சாமான் மறுக்கவில்லை. ஆண்கள் பெங்களூர் வேலையை விட்டுத் திரும்பவில்லை. பெண்களை வெளியூர் அனுப்பவில்லை.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் எனக்கு இடிக்கிறது சார். தை முதல் வைகாசிக்குள் காலனியில் நான்கு பெண்களுக்குக் கல்யாணம் நடந்தது. ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வராத வீடு நம் பக்கம் உண்டா? ஆடி பிறந்து மூன்று நாளாகிறது. நால்வரில் ஒருத்தியையும் அழைக்கவில்லை. காசியம்மாளின் மகள் ஜெயபிரியாவைத் தொப்பூரில் கொடுத்திருக்கிறது, பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். ஏன் அழைக்கவில்லை என்று கேட்டேன். "மாப்ள வூட்ல என்ன நெனப்பாங்கன்னு தெரியும் கண்ணு. இருந்தாலும் புள்ள அங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

ஐந்து அறிகுறிகளும் இந்தக் காசியம்மாள் வாயிலிருந்து வந்தவை என்பது உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன் புளி தட்டிக்கொண்டே சொன்னார், நான் எழுதிக்கொண்டேன், நீங்கள் படிவமாக்கினீர்கள். படிவத்தில் ‘ஊரை விட்டு அனுப்பப்பட்ட பெண்கள் எத்தனை பேர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. பூஜ்யம் போட்டிருக்கிறேன். வராத பெண்களை எந்தக் கட்டத்தில் எழுதட்டும்?

இதை மூன்றாவது அறிகுறியாக எடுத்துக்கொள்ள அனுமதி கொடுங்கள். வீரமணி ஐயாவுக்கு ஒரே ஒரு போன் போதும்.

சுகுணா


ஆஸ்லோ
22 ஜூலை 2025

அன்புள்ள சுகுணா,

உங்கள் கடிதத்தை இன்று காலை படித்தேன். எப்போதும்போல் கூர்மையான கவனிப்பு. ஆடி அழைப்பு பற்றிய பகுதியைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த கட்ட ஆய்வில் இதை ஆறாவது அறிகுறியாகச் சேர்க்கலாம்.

ஆனால் இந்தக் கட்டத்தில் சேர்க்க முடியாது. நடுவில் ஓர் அறிகுறியை மாற்றினால் இரண்டு வருஷத் தரவும் வீணாகும். வராததற்கு வேறு காரணங்களும் இருக்கலாம்: மாப்பிள்ளை வீட்டில் விடாமல் இருக்கலாம், வேலைக்குப் போகும் பெண்ணாக இருக்கலாம். நான்கு பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை.

செப்டம்பர் 9ஆம் தேதி ஜெனிவாவில் கூட்டம். வன்முறை வெடிக்கும் முன் தடுப்பது எப்படி என்று பல நாடுகள் சேர்ந்து ஒரு வழிகாட்டி தயாரிக்கின்றன. அதில் நம் தருமபுரி ஆய்வு இடம்பெறப் போகிறது. நாம் செய்வது ஒரு ஊருக்காக இல்லை, நமக்குப் பேர் தெரியாத நூறு ஊர்களுக்காக. உங்கள் பெயர் கட்டுரையில் மூன்றாவதாக வரும் என்று சொல்லியிருந்தேன். ஹென்ரிக்கும் ஒப்புக்கொண்டுவிட்டார்.

இரண்டு அறிகுறி என்று குறித்து வையுங்கள். தொடர்ந்து பாருங்கள்.

பிரபாகர்


தருமபுரி
26 ஜூலை 2025

பிரபாகர் சாருக்கு,

நீங்கள் இண்டூரில் பிறந்தவர்தானே? ஆஸ்லோவில் பிறந்தவர்கூட நான் எழுதியதைப் படித்தால் ஒரு நிமிஷம் யோசிப்பார். மாப்பிள்ளை வீட்டில் விடவில்லையாம்! நான்கு மாப்பிள்ளை வீட்டிலும் சேர்த்துப் பேசி வைத்துக்கொண்டு விடவில்லையா?

கோபத்தில் எழுதுகிறேன், மன்னியுங்கள். இந்த வாரம் எதுவும் கூடவில்லை, எதுவும் குறையவும் இல்லை. ஆடுகள் திரும்பவில்லை. ஊர்த்தெருவில் டீ குடிக்கும்போது ஒரு பெரியவர், "அவனுங்க வரட்டும், வந்து பாக்கட்டும்" என்றார். படிவத்தில் அதற்கும் கட்டமில்லை.

உங்களைக் கேட்காமலேயே வீரமணி ஐயாவுக்குப் போன் செய்திருப்பேன். போன வருஷம் வேறொரு பார்க்கும் ஊருக்காகச் செய்தேனே, என்ன ஆயிற்று? அந்த ஊரையே கணக்கிலிருந்து தூக்கிவிட்டு வேறொன்றைச் சேர்த்தீர்கள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் தருமபுரி வேலையையே மூடிவிடுவோம் என்று ஹென்ரிக் சார் எழுதினார். எட்டுப் பேருக்கு வேலை போகும். கட்டுரையில் பெயர் வரும் என்ற ஆசையும் எனக்கு உண்டு, இல்லையென்று சொன்னால் பொய். பி.எச்.டி.க்கு விண்ணப்பிக்க வேறென்ன வைத்திருக்கிறேன்? அதனால்தான் கேட்கிறேன். கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

இன்னொன்று. வியாழக்கிழமை காசியம்மாள் வீட்டுக்குப் போனேன். தொப்பூர்ச் சம்பந்தியம்மா போன் செய்து, ஊரெல்லாம் பொண்ணை அழைச்சிக்கிட்டுப் போவுது, உங்களுக்கு மட்டும் மனசு வரலையா என்று கேட்டுவிட்டாராம். அழுதார். பிறகு என்னிடம் கேட்டார்:

"நீங்கதான் எல்லா ஊரையும் பாக்கறீங்க. ஒங்களுக்குத் தெரியும். புள்ளய அழைக்கட்டுமா, வேணாமா? நீ சொல்லு கண்ணு, நான் கேட்டுக்கறேன்."

விசாரித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அவருக்கு நான் என்ன சொல்லட்டும்? இதற்காவது நேராகப் பதில் எழுதுங்கள்.

சுகுணா


ஆஸ்லோ
28 ஜூலை 2025

அன்புள்ள சுகுணா,

உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஹென்ரிக்கிடமும் பேசினேன். இரண்டு வருஷத்தில் இரண்டே அறிகுறி வந்த சமயங்கள் பதினான்கு. ஒன்றில்தான் கைகலப்பு நடந்தது, அதுவும் சிறியது. மூன்று வராதவரை சொல்லக் கூடாது என்ற விதி இப்படிப் பார்த்துத்தான் வைத்தது.

மகளை அழைப்பதும் அழைக்காததும் அந்தக் குடும்பத்தின் விஷயம். நாம் அதில் தலையிட முடியாது. ஆனால் அந்த அம்மா உங்களையே கேட்கும்போது, எங்கள் கணக்குப்படி பயப்படும்படியாக இப்போது எதுவும் தெரியவில்லை என்று சொல்வதில் தவறில்லை. உண்மையும் அதுதான்.

மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு ஓய்வு தேவை. பண்டிகை முடிந்ததும் ஒரு வாரம் விடுப்பு எடுங்கள்.

பிரபாகர்


சேலம்
7 ஆகஸ்ட் 2025

சார்,

போன் செய்யாதீர்கள். ஆறு தடவை அடித்துவிட்டீர்கள். காசியம்மாள் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், என்னால் எடுக்க முடியாது. எழுதுங்கள். எழுதியது இருந்தால்தான் நாளைக்கு மாற்றிப் பேச முடியாது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணி. காலனிக் கரகம் ஊர்த்தெரு முனைக்கு வந்தது. முதலில் வாய்ச் சண்டை, பிறகு கல். கரகம் எடுத்தவர் கீழே விழுந்ததும் ஊர்க்காரர்கள் காலனிக்குள் இறங்கிவிட்டார்கள். ஆறு வீடு எரிந்தது. பதினோரு பேருக்குக் காயம். போலீஸ் வரும்போது எல்லாம் முடிந்துவிட்டது.

ஜெயபிரியா தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். சண்டை அங்கே, குழாய் இங்கே, நமக்கென்ன என்று நினைத்திருப்பாள். காதுக்குப் பின்னால் கல் பட்டிருக்கிறது. ரோட்டை மறித்திருந்ததால் ஆம்புலன்ஸ் உள்ளே வரவில்லை. கட்டிலோடு தூக்கிக்கொண்டு வயல் வழியாக ஓடினார்கள். சேலத்துக்குக் கொண்டு வந்து தலையில் ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். இன்னும் கண் திறக்கவில்லை.

அவள் 31ஆம் தேதி வந்தாள். நான் சொல்லித்தான் வந்தாள். உங்கள் கடிதம் வந்த மறுநாளே போய், பயப்பட ஒன்றும் இல்லைங்க, எங்க ஆளுங்க கணக்குப் போட்டுப் பாத்துட்டாங்க, தைரியமா அழைச்சிக்குங்க என்று சொன்னேன். ‘கணக்குப்படி’, ‘இப்போது’ என்றெல்லாம் நீங்கள் எழுதியதை நான் விட்டுவிட்டேன். அப்படிப் பேசினால் யாருக்குப் புரியும்? காசியம்மாள் அன்றைக்கே தொப்பூருக்குச் சீர்த்தட்டோடு போய், இரண்டு நாள் இருந்து அழைத்து வந்தார். மற்ற மூன்று வீட்டிலும் அழைக்கவில்லை. அந்த மூன்று பெண்களும் நன்றாக இருக்கிறார்கள்.

காசியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது வந்தியே கண்ணு" என்கிறார். அந்தக் கையை எப்படி இழுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சேலத்தில் உங்களுக்குத் தெரிந்த டாக்டர் யாராவது இருந்தால் பேசுங்கள். காலில் விழுந்து கேட்கிறேன். எந்தப் படிவம் வேண்டுமானாலும் நிரப்பித் தருகிறேன்.

சுகுணா


ஆஸ்லோ
10 ஆகஸ்ட் 2025

சுகுணா,

மூன்று நாளாகத் தூக்கமில்லை. என்னோடு பள்ளியில் படித்தவர் ஒருவர் சேலத்தில் நரம்பியல் டாக்டராக இருக்கிறார். பேசிவிட்டேன். அங்கே போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார்: செய்ய வேண்டியதை எல்லாம் சரியாகவே செய்கிறார்கள், மூளை வீக்கம் வடிய வேண்டும், காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அவருடைய எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். எந்த நேரத்திலும் கூப்பிடுங்கள்.

நீங்கள் உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். விதிப்படி நடந்தீர்கள். நானும் விதிப்படிதான் நடந்தேன்.

இதை எழுதக் கூசுகிறது. எழுதாமல் விட்டால் ஹென்ரிக் நேராக உங்களுக்கே எழுதிவிடுவார். சம்பவப் படிவம் 19ஆம் தேதிக்குள் வர வேண்டும். எரிந்த வீடுகள், காயம்பட்டவர்கள், எந்த நேரத்தில் தொடங்கியது, இவ்வளவு போதும். முடியாவிட்டால் வேறு யாரையாவது அனுப்பட்டுமா?

பிரபாகர்


இண்டூர்
17 ஆகஸ்ட் 2025

பிரபாகர் அவர்களுக்கு,

இன்று சேலத்திலிருந்து காசியம்மாளுக்கு மாற்றுத்துணி எடுக்க வந்தேன், கரட்டுப்பள்ளம் பஸ்ஸுக்கு இங்கே காத்திருக்கிறேன். பஸ்ஸில் உங்கள் அமுதவல்லி அக்கா பக்கத்தில் இடம் கிடைத்தது. பயிற்சி வகுப்புக்கு நாங்கள் வந்தபோதெல்லாம் களியும் கீரைக் குழம்பும் செய்து அனுப்பியவர், என்னை எப்படி மறப்பார்? கையைப் பிடித்துக்கொண்டார். கரட்டுப்பள்ளம் பேச்சு வந்தது.

"எங்க நாத்தனாவ அந்த ஊர்லதான் குடுத்திருக்குது. வருசா வருசம் பண்டிகைக்கு நாங்க எல்லாம் அங்கதான். இந்த வருசம் எந்தம்பி போன் பண்ணி, அக்கா, கரட்டுப்பள்ளத்துக்குப் போவாதீங்க, புள்ளைங்களயும் அனுப்பாதீங்கன்னான். ஏன்டான்னா சொல்லல. மொத செவ்வாக்கெழம கோயில்ல கூழு ஊத்திக்கிட்டிருந்தேன், அப்ப வந்துச்சு போனு. அவன் சொல்லாங்காட்டி நாங்களும் மாட்டியிருப்போம்."

முதல் செவ்வாய் என்றால் ஜூலை 22. அன்றைக்குத்தான் எனக்கும் எழுதினீர்கள். நான்கு பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்று எழுதினீர்கள். மாப்பிள்ளை வீட்டில் விடாமல் இருக்கலாம் என்று எழுதினீர்கள். அக்காவுக்குப் போன், எனக்குப் பாடம்!

நான் இத்தனை நாளும் உங்களுக்குப் புரியவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெளிநாடு போய்ப் பதினைந்து வருஷம், மறந்திருப்பார், நான் இன்னும் நன்றாக எழுதியிருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து என் கடிதத்தையே மனதுக்குள் திருத்திக்கொண்டிருந்தேன். நீங்கள் படித்த நொடியே புரிந்துகொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் அக்கா நல்லவர். அவரும் பிள்ளைகளும் தப்பித்ததில் எனக்குச் சந்தோஷம்தான், சத்தியமாக. ஆனால் அந்தப் போனில் பாதியை என்னிடம் பேசியிருந்தால் ஜெயபிரியா தொப்பூரில் மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு நன்றாக நடமாடிக்கொண்டிருப்பாள்.

படிவம் வராது. வேறு யாரை அனுப்பினாலும் நான் வாசலில் நிற்பேன்.

சுகுணா


ஆஸ்லோ
20 ஆகஸ்ட் 2025

சுகுணா,

நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை.

உங்கள் ஜூலை 19 கடிதத்தை அலுவலகத்துக்கு வரும் டிராமில் படித்தேன். ‘ஒருத்தியையும் அழைக்கவில்லை’ என்ற இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. இறங்கி, நிறுத்தத்திலேயே நின்று அக்காவுக்குப் பேசினேன். பிறகு அலுவலகம் வந்து, காபி எடுத்துக்கொண்டு உட்கார்ந்து உங்களுக்குப் பதில் எழுதினேன். நடுவில் அரை மணி நேரம்கூட இருக்காது. போன் பேசியவன் ஒருவன், கடிதம் எழுதியவன் வேறொருவன் என்பதுபோல் இருந்தேன். அக்காவிடம் நான் இண்டூர்க்காரன். உங்களிடம் ஆய்வாளன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கண்டுபிடிக்க முடியாதது இது, ஆனாலும் மறைத்து வைக்க என்னால் முடியவில்லை. இரண்டு வருஷமாகச் சொல்லும் ஊர்களிலும் பெரிதாக எதுவும் நடக்கவில்லை, பார்க்கும் ஊர்களிலும் நடக்கவில்லை. வித்தியாசமே இல்லாவிட்டால் முன்கூட்டிச் சொல்வதால் பயன் என்று நிரூபிக்க வழியில்லை. ஜெனிவாவில் வெறுங்கையோடு நிற்க வேண்டும். நடக்க வேண்டும் என்று நான் நினைத்ததில்லை, சுகுணா. நடந்தால் கட்டுரை என்ன ஆகும் என்று ஒரு தடவை நினைத்தேன். 28ஆம் தேதி உங்களுக்குப் பதில் எழுதும்போது நினைத்தேன்.

நடந்தது எல்லாவற்றையும் ஹென்ரிக்கிடம் சொல்லிவிட்டேன். முழுவதும் கேட்டார். பிறகு, நெறிமுறைக் குழு விசாரிக்கும், அதற்கு ஆறு மாதம் ஆகும், கூட்டத்தைத் தள்ளிவைக்க முடியாது என்றார். படிவம் இல்லாவிட்டாலும் செய்தித்தாளில் வந்ததை வைத்துக் கரட்டுப்பள்ளத்தைச் சேர்த்துவிடுவார்கள்.

மேடையில் நான் ஏறினால் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியவில்லை. ஏறாவிட்டால் அவர் பேசுவார். என்ன செய்யட்டும்? உங்களிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை, தெரியும். கேட்க வேறு ஆளும் இல்லை.

ஜெயபிரியா எப்படி இருக்கிறாள்? ஒரு வரி எழுதுங்கள்.

பிரபாகர்


கரட்டுப்பள்ளம்
30 ஆகஸ்ட் 2025

பிரபாகர் அவர்களுக்கு,

ஜெயபிரியா புதன்கிழமை காலையில் இறந்துவிட்டாள். இருபத்திரண்டு நாள் கண்ணே திறக்கவில்லை. வயது இருபத்தொன்று. வியாழக்கிழமை கரட்டுப்பள்ளத்திலேயே அடக்கம் செய்தோம். தொப்பூர்க்காரர்கள் வந்து அழுதார்கள். ‘மனசு வரலையா’ என்று கேட்ட மாமியார் மண்ணில் புரண்டார். நான் ஓரமாக நின்றேன்.

நேற்று காசியம்மாளிடம் என் பங்கை எல்லாம் சொல்லிவிட்டேன். இனிமேலும் அவர் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்க என்னால் முடியாது. இது பார்க்கும் ஊர், மூன்று அறிகுறி வந்தால்தான் சொல்லலாம், நாங்கள் இரண்டுதான் எண்ணினோம், வராத பெண்களுக்குக் கட்டமில்லை, எங்களுக்குச் சந்தேகம் இருந்தது, இருந்தும் அழைச்சிக்குங்க என்று சொன்னேன். எல்லாம் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றுகூட நினைத்தேன்.

படிவத்தை எடுத்துப் படித்துக் காட்டச் சொன்னார். ஐந்தையும் படித்தேன். விரலை மடக்கி எண்ணிவிட்டுச் சொன்னார்:

"அஞ்சும் நாஞ் சொன்னதுதான். ஆடிக்கி அழைக்காதத மட்டும் சொல்லாம உட்டுட்டேன் பாரு. அதெல்லாம் சொல்லவா வேணும், எல்லாருக்கும் தெரிஞ்சதுதானன்னு இருந்துட்டேன் கண்ணு. அன்னிக்கே சொல்லியிருந்தா நீ அதயும் எழுதியிருப்ப. எம் புள்ள இருந்திருக்கும். எம்மேலதான் தப்பு."

அப்படி இல்லைங்க, இல்லவே இல்லைங்க என்று நான் கத்தினேன். அவர் கேட்கவில்லை. வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் இதையே சொல்கிறார். நான் அஞ்சுதான் சொன்னேன், ஒண்ண உட்டுட்டேன் என்கிறார். நான் மறுத்தால், "நீ எம்மேல இருக்கற பாசத்துல சொல்ற" என்கிறார். என்னால் அவரை மாற்ற முடியவில்லை.

மேடையில் என்ன பேசுவது என்று கேட்டீர்கள். உங்கள் மேடையைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை. கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொல்லி ஹென்ரிக்குக்கு நானே எழுதிவிட்டேன். வேலையையும் விட்டுவிட்டேன். மீதிப் பதினோரு பார்க்கும் ஊர்களின் பட்டியலை வீரமணி ஐயா கையில் கொடுத்துவிட்டேன். இனி எந்த ஊரையும் யாரும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வழக்குப் போடுவதாக இருந்தால் போடுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. தப்பு தன்மேல்தான் என்று ஒரு தாய் தூக்கிக்கொண்டு அலைகிறார். அவர் சொல்லாமல் விட்டது உங்களுக்குத் தெரிந்திருந்தது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. உங்கள் அக்காவுக்கு வந்த போனைப் பற்றியும் சொல்லவில்லை. அதை நான் சொல்லக் கூடாது. நீங்கள் வந்து சொல்லுங்கள். போனில் இல்லை, கடிதத்தில் இல்லை. அவர் எதிரில் உட்கார்ந்து சொல்லுங்கள். நான் கூட வரமாட்டேன்.

சுகுணா


இண்டூர்
14 செப்டம்பர் 2025

சுகுணா,

8ஆம் தேதி வந்தேன். ஜெனிவாவுக்குப் போகவில்லை. ஹென்ரிக் போய்ப் பேசிவிட்டார். சொல்லும் ஊர்களில் வன்முறை இல்லை, பார்க்கும் ஊர்களில் ஒன்றில் பெரிய வன்முறை, ஒரு மரணம் என்று திரையில் காட்டியிருக்கிறார். வழிகாட்டியில் சேர்த்துக்கொண்டார்கள். நடந்ததை ஒப்புக்கொண்டு நான் எழுதி அனுப்பியதைக் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு வரியாகச் சுருக்கியிருக்கிறார்கள். யாரும் அதைப் பற்றிக் கேள்வி கேட்கவில்லையாம்.

நான்கு நாள் அக்கா வீட்டில் படுத்துக் கிடந்தேன். கரட்டுப்பள்ளம் பஸ் வாசலோடுதான் போகிறது, ஏறத்தான் கால் வரவில்லை. அக்காவிடமும் சொன்னேன்.  மறுநாள், "என்னிய மட்டும் ஏன்டா காப்பாத்துன?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

நேற்று காலை போனேன். எரிந்த வீடுகளுக்குத் தகரம் போட்டிருக்கிறார்கள். காசியம்மாள் வாசலில் சாக்கு விரித்துப் புளி தட்டிக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னதும் எழுந்து நாற்காலி எடுக்கப் போனார். வேண்டாம் என்று சாக்கிலேயே உட்கார்ந்துவிட்டேன். சுகுணா கண்ணு ஒங்களப் பத்திச் சொல்லியிருக்குது, அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்தீங்களா என்று கேட்டார். அதற்குள் "நாந்தான் சார் ஒண்ணச் சொல்லாம உட்டுட்டேன்" என்று ஆரம்பித்துவிட்டார்.

நான் மறித்துச் சொன்னேன். நீங்க சொல்லாம விட்டது எனக்குத் தெரியும்ங்க, நானும் இந்தப் பக்கத்துக்காரன்தான், சுகுணா அதை எனக்கு எழுதினாங்க, படிச்ச உடனே எனக்குப் புரிஞ்சுது, எங்க அக்காவை இங்க வராதீங்கன்னு சொல்லிட்டேன், உங்க பொண்ணை அழைச்சா பரவாயில்லைன்னு சுகுணாவுக்கு எழுதினேன், தப்பு உங்க மேல இல்லீங்க, என் மேல. பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு போனதை அப்படியே சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அவர் கை நிற்கவில்லை. தட்டிக்கொண்டே இருந்தார். நான் சொன்னது காதில் விழுந்ததா என்றுகூடச் சந்தேகம் வந்தது. ஒரு கூடை முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு கட்டையைக் கீழே வைத்துவிட்டு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"ஒங்க அக்காவ நிறுத்தறதுக்கு எத்தன அடையாளம் பாத்தீங்க சார்?"

ஒண்ணுதாங்க என்றேன். அவர் கட்டையை எடுத்து அடுத்த கூடையைத் தட்ட ஆரம்பித்தார்.

பிரபாகர்